ஐந்நூறு மீட்டர்

ஏழு வருடப் பழக்கத்தில் அவர் கதிரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஜெர்மனியின் ஹம் நகரத்தில் எங்கள் தமிழ்ப் பள்ளி சனிக்கிழமைகளில் இரண்டு மணிக்குத் தொடங்கும். ஜெர்மன் பள்ளிக்கூடம் ஒன்றில் நான்கு அறைகளை எங்களுக்குத் தந்திருந்தார்கள். முதியோர் இல்லத்தில் காலை வேலையை முடித்துவிட்டு, அந்த வெள்ளைச் சப்பாத்தோடேயே எங்கள் எல்லோருக்கும் முன்னால் வந்து அவர் வாசலில் நிற்பார். பிள்ளைகள் உள்ளே போகப் போக அவருடைய உதடு அசையும். எண்ணுகிறார் என்று அர்த்தம். ஐந்து மணிக்குப் பிள்ளைகள் வெளியே வரும்போதும் அதே உதடு அசையும். இரண்டு எண்ணிக்கையும் ஒத்து வந்த பிறகுதான் தேநீரைக் கையில் எடுப்பார். அதையும் நின்றபடிதான் குடிப்பார். பிள்ளைகள் அவருக்கு வாசல் அன்ரி என்று பெயர் வைத்திருந்தார்கள். பெற்றோர்களாகிய நாங்கள் வைத்திருந்த பெயர்களுக்கு அவ்வளவு மரியாதை கிடையாது.

நான் அப்போது பள்ளியின் செயலாளர். பெரிய பதவி என்று நினைக்க வேண்டாம். கரும்பலகையை அழிக்காமல் போய்விட்டோம் என்று ஜெர்மன்காரர் ஏசினால் அந்த ஏச்சை வாங்குவதுதான் முக்கியமான வேலை. எனக்கு வாயும் கொஞ்சம் நீளம். அவருக்குச் 'சுங்க இலாகா' என்று பெயர் வைத்ததே நான்தான். அந்தப் பெயர் நன்றாக எடுபட்டது என்பதில் அந்தக் காலத்தில் எனக்குப் பெருமையும் இருந்தது.

பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்கள் மீது குற்றப் பதிவு எதுவும் இல்லை என்று காட்டும் பத்திரம் ஒன்று இந்த நாட்டில் உண்டு. நகரசபையில் விண்ணப்பித்தால் தபாலில் வரும். எங்கள் ஆட்கள் அதைப் பொலிஸ் கடதாசி என்பார்கள். கேட்டால் மனம் நோகும் என்று ஒருவரிடம் ஒருவர் கேட்கவும் மாட்டார்கள். அவர் கேட்பார். ஆசிரியர், கராத்தே பழக்க வந்தவர், சரஸ்வதி பூசைக்கு மாலை கட்ட வந்தவர், யாராக இருந்தாலும் கடதாசி இல்லாமல் உள்ளே போக முடியாது. எல்லாவற்றையும் ஒரு கறுப்புக் கோப்பில் வைத்திருந்தார். "எனக்கு ஆளைத் தெரியாது, கடதாசியைத்தான் தெரியும்" என்பார். இந்த வசனத்தைப் பிள்ளைகள் அவருடைய குரலிலேயே சொல்லிக்காட்டுவார்கள்.

மிருதங்க ஆசிரியர் வந்த நாளை நான் மறக்கமாட்டேன். டோர்ட்முண்டிலிருந்து ரயிலில் வந்தவர், முப்பது வருடமாக எத்தனையோ பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுத்தவர். கடதாசி கொண்டுவரவில்லை. தோளில் மிருதங்கப் பையோடு நடைபாதையில் நாற்பது நிமிடம் நின்றார். பள்ளித் தலைவர் ஓடிவந்து, "சேர் எங்கட ஆள் அக்கா" என்றார். இவர் குரலை உயர்த்தவில்லை. "எல்லாரும் எங்கட ஆக்கள்தான் அண்ணை" என்று மட்டும் சொல்லி, நின்ற இடத்திலேயே நின்றார். ஆசிரியர் அடுத்த ரயிலில் திரும்பிப் போனார். ஆறு மாதம் மிருதங்க வகுப்பே நடக்கவில்லை. என் மகளுக்கு அப்போதுதான் கை கொஞ்சம் படியத் தொடங்கியிருந்தது. என் ஆத்திரத்தைக் கேட்க வேண்டுமா? ஆறு மாதம் கழித்து அவரே கடதாசியோடு வந்தார். இவர் அதை வாங்கி முழுவதும் வாசித்துக் கோப்பில் போட்டுவிட்டு, "உள்ளை போங்கோ சேர்" என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை, ஒரு சிரிப்பும் இல்லை.

இன்னொரு சண்டையும் அவரோடு எங்களுக்கு ஓயாமல் இருந்தது. எங்கள் வழக்கம் தெரியும்தானே. ஆண் என்றால் மாமா. கடைக்காரர் மாமா, விழாவில் ஒலிபெருக்கி பூட்டுகிறவர் மாமா, நேற்று வந்து இறங்கியவரும் மாமா. பிள்ளை வெட்கப்பட்டு ஒதுங்கினால் முதுகில் கை வைத்துத் தள்ளி, மாமாவுக்கு வணக்கம் சொல்லு, மாமாவிடம் போ என்போம். இல்லாவிட்டால் பிள்ளையை மரியாதை தெரியாமல் வளர்த்திருக்கிறோம் என்று ஊர் சொல்லும். அவர் நிற்கிற வாசலில் இது நடக்காது. ஒருமுறை ஒரு தாய் தன் மகனை அப்படித் தள்ள, இவர் குறுக்கே வந்து நின்றுகொண்டார். பிள்ளைக்கு விருப்பமில்லாவிட்டால் விடச் சொன்னார். அந்தத் தாய் முகம் சிவந்து, "உங்களுக்குப் பிள்ளையள் இல்லைத்தானே" என்று சொல்லிவிட்டார். எண்ணிக்கை தவறிப்போனதால் இவர் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார். அன்று எனக்கு அந்தத் தாயின் பக்கம்தான் நியாயம் தெரிந்தது.

ஒரு கையெழுத்துக்காக ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். தனியாகத்தான் இருந்தார். எனக்குக் கதிரையைத் தந்துவிட்டு அவர் ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார். கைபேசியில் யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய அம்மா பேசினார். கை வேலையாக இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டிருந்தார். "அவனைக் கைவிட்டிடாதை மோனை" என்று கிழவியின் குரல் கேட்டது. இவர் பாய்ந்து வந்து கைபேசியை அணைத்தார். யார் அது என்று கேட்டேன், யாருமில்லை என்றார். சமையலறை மேசையில் நகரத்தின் வரைபடம் விரித்திருந்தது. அதில் பென்சிலால் வட்டம் வட்டமாகப் போட்டிருந்தார். வட்டங்கள் ஒன்றையொன்று முட்டி நகரத்தை ஏறக்குறைய மூடியிருந்தன. இடையில் கொஞ்ச இடம்தான் வெள்ளையாக இருந்தது. நான் எட்டிப் பார்ப்பதைக் கண்டு அதை மடித்து வைத்தார். சர்க்கரை வருத்தத்துக்கு நடக்கிற வழியாக்கும் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கெங்கோ தெருக்களில் உதடு அசைய அசைய அவர் நடப்பதைப் பலர் கண்டிருந்தார்கள்.

அதன் பிறகு வீடு பார்க்கப் போக வேண்டும், காரில் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டார். காரில் மட்டும் அவருக்கு உட்காருவதைத் தவிர வேறு வழியில்லை. அங்கேயும் பட்டியைப் பிடித்துக்கொண்டு இருக்கையின் விளிம்பில்தான் இருப்பார். மூன்று வீடுகள் பார்த்தோம். பார்த்தோம் என்பது பொய். மூன்று வீட்டுக்குள்ளும் அவர் போகவேயில்லை. தெருவில் இறங்கி நாலு பக்கமும் நடந்துவிட்டுத் திரும்பி வருவார். முதல் வீட்டுக்குப் பக்கத்தில் சிறுவர் விளையாட்டிடம், இரண்டாவதற்குப் பின்னால் கின்டர்கார்டன், மூன்றாவதற்கு எதிரே நீச்சல்குளம். ஏலாது, ஏலாது, ஏலாது. பிள்ளைகளின் சத்தம் அவ்வளவு பிடிக்காதவர் சனிக்கிழமை எதற்குப் பள்ளி வாசலில் நிற்கிறார் என்று கேட்க என் நாக்கு துடித்தது. நாலாவது வீடு தொழிற்சாலைத் தெருவில், டயர் மாற்றுகிற கடைக்கு மேலே இருந்தது. கீழே ரப்பர் நாற்றம். ஒரு பக்கம் சரக்கு ரயில் பாதை. மனிதர் விரும்பிக் குடியிருக்கிற இடமாகத் தெரியவில்லை. அவர் அரை மணி நேரம் சுற்றி நடந்து வந்து, "இது சரி" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அன்றைக்குத்தான் கண்டேன்.

ஆனால் அந்த வீட்டுக்கு அவர் குடிபோகவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு சின்ன அலுமாரியை அங்கே கொண்டுபோக வேண்டும் என்று கேட்டார். நான் போன நேரம் என் மகளும் காரில் இருந்தாள், அவளுடைய நீச்சல் வகுப்பு அன்று இல்லை. அவளைக் கண்டதும் அவர் பின்வாங்கினார். இன்றைக்கு வேண்டாம், இன்னொரு நாள் போகலாம் என்றார். உதவி செய்ய வெளிக்கிட்ட தமிழரைத் தடுக்க யாரால் முடியும்? நான் அலுமாரியை ஏற்றி, அவரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டேன். டயர் கடை வாசலில் ஒரு மெலிந்த மனிதன் இறங்கி வந்து, "வாங்கோ அக்கா" என்று எனக்குத் தலையசைத்தான். நாற்பது வயதிருக்கும். நல்ல பணிவு. எனக்கு ஒரு கணம்கூட யோசனை வரவில்லை. பின்பக்கம் திரும்பி, "மாமாவுக்கு வணக்கம் சொல்லு" என்றேன். மகள் கண்ணாடியை இறக்கி, "வணக்கம் மாமா" என்றாள். அந்த மனிதன் அதைக் கேட்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான். அவர் கார்க் கதவில் கையை ஓங்கி அடித்து, கண்ணாடியை ஏற்றச் சொல்லிக் கத்தினார். அலுமாரியைத் தனியாகவே இழுத்து இறக்கினார்.

மகளை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் கார் தரிப்பிடத்தில் நின்றோம். அங்கேதான் சொன்னார். அவன் அவருடைய தம்பி. முன்பு வேறொரு நகரத்தில் இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். பக்கத்து வீட்டில் எங்கள் ஆட்களின் ஒரு பெண் பிள்ளை. அதன் தாய் வேலைக்குப் போகிற நாட்களில் பிள்ளை இவர்களிடம் நிற்கும். ஒருநாள் இவருக்கு அவசரமாக வேலைக்கு வரச் சொல்லி அழைப்பு வந்திருக்கிறது. "அது போகமாட்டன் எண்டு நிண்டது. மாமாதானே, போய் இரு எண்டு முதுகிலை பிடிச்சுத் தள்ளிவிட்டது நான்" என்றார். பிறகு நடந்ததை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிள்ளை வாய்திறந்த அன்றே, தாயையும் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனவர் இவர்தான். தம்பி சில வருடம் சிறையில் இருந்தான். சொந்தக்காரர்கள் தம்பியோடு அல்ல, இவரோடுதான் கதைப்பதை நிறுத்தினார்கள். கூடப்பிறந்தவனைப் பிடித்துக் கொடுத்தவள் என்று இன்றும் சொல்கிறார்களாம்.

வெளியே வந்தவனுக்கு நீதிமன்றம் நிபந்தனை போட்டிருந்தது. பள்ளிக்கூடம், விளையாட்டிடம், பிள்ளைகள் கூடுகிற எந்த இடத்துக்கும் நூறு மீட்டருக்குள் அவன் நிற்கக் கூடாது. ஒரு அதிகாரி மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார். அக்கம்பக்கத்தாருக்கு இதை யாரும் அறிவிப்பதில்லை, அப்படி ஒரு சட்டம் இங்கே இல்லை. வரைபடத்தில் இருந்த வட்டங்கள் எனக்கு அப்போதுதான் விளங்கின. "கோர்ட் அவனுக்கு நூறு மீட்டர் போட்டது. நான் ஐந்நூறு போட்டன்" என்றார். "என்ர காலுக்கு எழுநூற்று எழுபது அடி."

எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் கூட. எங்கேயாவது தொலைந்து போகட்டும் என்று விடாமல் எதற்காக அவனை எங்கள் நகரத்தில் கொண்டுவந்து வைத்தீர்கள் என்று கேட்டேன். "எங்கையாவது எண்டால் எங்கை, தங்கச்சி? அங்கையும் பிள்ளையள் இருக்கும்தானே. இங்கை எண்டால் நான் இருக்கிறன்." எங்கள் பூசை, பொங்கல், விளையாட்டுப் போட்டி எல்லாமே பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும்தான் நடக்கின்றன. அவன் எப்போதாவது எங்கள் ஆட்களைத் தேடி வந்தால் முதலில் காண்பது தானாக இருக்க வேண்டும், அதற்காகத்தான் வாசலில் நிற்பதாகச் சொன்னார். யாருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த நிமிடத்திலிருந்து எனக்கு நித்திரை போனது. பாம்பென்று அடிக்கவும் முடியாமல் பழுதென்று தாண்டவும் முடியாமல், சனிக்கிழமை தோறும் அவர் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போய் வந்தேன். என் மகளின் அந்த 'வணக்கம் மாமா' காதுக்குள்ளேயே இருந்தது.

ஒரு வருடம் இப்படிப் போனது. பிறகு தலைவர் ஒரு நல்ல செய்தியோடு வந்தார். பள்ளிக்குச் சொந்தமாக ஒரு மண்டபம் கிடைக்கிறது, சமையலறை இருக்கிறது, கார் நிறுத்த இடம் இருக்கிறது, இனி ஜெர்மன்காரரிடம் ஏச்சு வாங்கத் தேவையில்லை. விலாசத்தைச் சொன்னார். அதே தொழிற்சாலைத் தெரு. டயர் கடையிலிருந்து ஐந்தாவது கட்டடம்.

கூட்டத்துக்கு முன் அவர் என்னைப் பிடித்து, தம்பியைப் பற்றிச் சொல்லாமல் வேறு ஏதாவது காரணம் சொல்லி நிறுத்தச் சொன்னார். நான் லொறிகள் ஓடுகிற தெரு என்றேன், பஸ் தரிப்பு தூரம் என்றேன். தலைவர் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தார். அவரும் தன் பங்குக்கு, தனக்கு நடக்கத் தூரம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நகரம் முழுக்க நடக்கிறவர் அல்லவா. கையை உயர்த்தச் சொன்னார் தலைவர். கைகள் உயர்ந்தன. வாசலோரம் நின்ற அவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்தேன் என்பது ஒரு காரணம், இவ்வளவு நாளும் தெரிந்தும் மறைத்தாயா என்று என்னைக் கேட்பார்களே என்பது இன்னொரு காரணம். இரண்டாவதுதான் பெரியது.

அவர் அந்தக் கறுப்புக் கோப்பை மேசையில் வைத்தார்.

"அந்தத் தெருவிலை என்ர தம்பி இருக்கிறான்" என்றார். "பிள்ளையள் இருக்கிற இடத்துக்குக் கிட்ட அவன் வரக்கூடாது எண்டு கோர்ட் சொன்னது. பள்ளிக்கூடத்தை அவனுக்குக் கிட்டக் கொண்டுபோகாதேங்கோ."

மண்டபத்தைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை. இப்படி ஒரு தம்பியை வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் எப்படி நின்றாய் என்பதே கேள்வியாகிவிட்டது. மகனைத் தள்ளிவிட்ட அந்தத் தாய்தான் கேட்டார், "இவவின்ர கடதாசியை ஆர் பாத்தது?" அவர் கோப்பைத் திறந்தார். முதல் தாள் அவருடையது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதிதாக எடுத்து, பழையதன் மேல் வைத்துத் துளையிட்டிருந்தார். தலைவர் அதை வாசித்துப் பார்த்தார். வாசித்த பிறகும், கொஞ்ச நாளைக்கு அவர் வராமல் இருப்பதுதான் பிள்ளைகளுக்கு நல்லது என்று முடிவெடுத்தார்கள். அதற்கும் கைகள் உயர்ந்தன. நானும் உயர்த்தினேன். இதை எழுதும்போதும் அந்தக் கை எனக்குச் சுடுகிறது.

அந்தக் கிழமையே நாலைந்து தகப்பன்மார் டயர் கடைக்குக் கீழே போய் நின்றார்கள். ஜன்னலைப் படம் எடுத்தார்கள், அது கைபேசிகளில் சுற்றியது. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன், என் வீட்டுக்காரரும் போனார். நாலாம் நாள் அவன் அங்கே இல்லை. எங்கே போனான் என்று அதிகாரிக்கும் தெரியவில்லை, அவன் அக்காவுக்கும் தெரியவில்லை. மூன்று கிழமை தெரியவில்லை. தெரு சுத்தமாகிவிட்டது என்று தலைவர் மண்டபத்துக்குக் கையெழுத்து வைத்தார். அந்த மூன்று கிழமையில் ஒருநாள் நான் அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தார், உள்ளே கூப்பிடவில்லை. திறந்த கதவு வழியே தெரிந்த மேசையில் வேறு வேறு நகரங்களின் வரைபடங்கள் கிடந்தன. ஒன்றிலும் எங்கே முதல் வட்டத்தைப் போடுவது என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கறுப்புக் கோப்பை என் கையில் தந்து, கதவை மெதுவாகச் சாத்தினார். அடுத்த முறை நான் போனபோது அழைப்புமணியில் வேறு பெயர் ஒட்டியிருந்தது.

இரண்டு மாதம் கழித்து என் கைபேசிக்கு அழைத்தார்.

"மூண்டாம் கிழமையே கண்டுபிடிச்சிட்டன். இப்ப பக்கத்திலை நானும் வந்திட்டன்" என்றார். ஊரின் பெயரைச் சொன்னார். அதை இங்கே எழுதமாட்டேன். "இங்கை தமிழ்ப் பள்ளிக்கூடம் எந்தத் தெருவிலை நடக்குது எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ. நான் கேட்டால் எங்கட ஆக்கள் எங்களையும் வரச்சொல்லிப்போடுவினம்."

அந்த ஊர்ப் பள்ளியின் பொறுப்பாளரை நான் தேடிப் பிடித்தேன். நல்ல மனிதர். எந்தத் தெரு என்று கேட்டதுமே, "ஆர் பிள்ளை, எங்கட ஆக்களோ? கட்டாயம் வரச்சொல்லுங்கோ" என்றார். அவர்கள் வரமாட்டார்கள் என்றேன். உங்கள் வாசலில் யார் நிற்பது, ஆசிரியர்களிடம் பொலிஸ் கடதாசி வாங்குகிறீர்களா என்று கேட்டேன். சிரித்தார். எல்லாரும் தெரிந்த ஆட்கள்தான் என்றார். கட்டாயம் வாங்குங்கள், வாசலில் ஒருவரை நிறுத்துங்கள் என்று மன்றாடினேன். பார்ப்போம் என்றார். தம்பியைப் பற்றி வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் இன்னும் ஒரு தெரு காலியாகும், இன்னும் மூன்று கிழமை அவன் எங்கே என்று யாருக்கும் தெரியாது. சொல்லாவிட்டால் அந்த ஊரில் முப்பது தாய்மாருக்கு நான் செய்வது என்ன? இன்று வரை எனக்கு விடை தெரியாது. விலாசத்தை மட்டும் எழுதிக்கொண்டு அவருக்கு அனுப்பினேன். அன்று மாலை ஒரே ஒரு எண் திரும்பி வந்தது. தம்பியின் வீட்டிலிருந்து பள்ளி வரைக்கும் இரண்டாயிரத்து நூறு அடி. பக்கத்தில், காணும், போதும் என்று எழுதியிருந்தார்.

இப்போது தொழிற்சாலைத் தெரு மண்டபத்தின் வாசலில் நான்தான் நிற்கிறேன். கோப்பு என்னிடம்தான் இருக்கிறது. சுங்க இலாகா என்ற பெயரும் எனக்கே வந்து சேர்ந்துவிட்டது. சனிக்கிழமை ஐந்து மணிக்கு என் பிள்ளைகளை எண்ணி முடிக்கும் நேரத்தில் அவரிடமிருந்து செய்தி வரும். அந்த ஊர்ப் பள்ளிக்கு எதிரே பஸ் தரிப்பில், வெள்ளைச் சப்பாத்தோடு அவர் நிற்கிறார். அங்கே யாருக்கும் அவரைத் தெரியாது, பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு தமிழ்ப் பெண் என்று நினைத்திருப்பார்கள். போனது முப்பத்தொண்டு, வந்தது முப்பத்தொண்டு என்று எழுதியிருப்பார். நானும் என் எண்ணிக்கையை அனுப்புவேன். ஐந்தே காலுக்குள் அவருடையது வராவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது.